பான்கேக் செவ்வாய்க்கு மாவு கரைக்குமுன்: மதினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதினிக்கு,

"செவ்வாய்க்கிழமை நம்ம வீட்லயும் பான்கேக் உண்டா?" என்று பிள்ளைகள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். உண்டு என்றே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் சர்ச் பக்கமே போகாத வீடுகளில்கூட அன்று ராத்திரி பான்கேக்தான்.

லெந்து நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அது; ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு. 2027-இல் பிப்ரவரி 9. நம்மூரில் லெந்து என்றால் பெரும்பாலும் கறியைத்தான் விடுவோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் முட்டை, பால், வெண்ணெய்க்கும் தடை இருந்தது. ஈஸ்டர் வரை வைத்தால் கெட்டுப்போகும் என்று எல்லாவற்றையும் மாவில் கலந்து சுட்டுத் தீர்த்தார்கள். சில ஊர்களில் திங்கட்கிழமையே பன்றிக்கறித் துண்டுகளைப் பொரித்துத் தின்றுவிட்டு, வடிந்த கொழுப்பை மறுநாள் பான்கேக்குக்கு எடுத்துவைப்பார்கள்.

எட்டு பான்கேக்குக்கு: மைதா 100 கிராம், முட்டை 2, பால் 250 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கடையில் 'ப்ளெய்ன் ஃப்ளவர்' என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே 'செல்ஃப் ரெய்சிங்' இருக்கும். அதில் பேக்கிங் பவுடர் கலந்திருப்பதால் பான்கேக் உப்பித் தடித்துவிடும். அது அமெரிக்கப் பக்குவம். இங்கே வேண்டியது மெல்லிசு.

மாவில் குழி செய்து முட்டையையும் கால் பங்கு பாலையும் விட்டு, முதலில் கெட்டியாக, கட்டியில்லாமல் அடியுங்கள். பிறகு மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். எல்லாப் பாலையும் ஒரேயடியாகக் கொட்டினால் மாவு சிறு சிறு உருண்டையாக மிதக்கும். அப்புறம் வடிகட்டத்தான் வேண்டும். கட்டி போனதும் நிறுத்திவிடுங்கள். மைதாவை அடிக்க அடிக்க இழுவை கூடி, பான்கேக் ரப்பராகும். அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு பாலைக் குடித்து, இழுவையும் தளரும். வெண்ணெயைச் சுடும்முன் சேர்த்தால் போதும். ரவா தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டினால் பதம் சரி.

இனிதான் தோசைக் கை நம்மைக் காட்டிக்கொடுக்கும் இடம். ஊரிலிருந்து கொண்டுபோன இரும்புத் தோசைக்கல் வேண்டாம். விளிம்பில்லாததால் மாவு வழியும், கனத்தால் மணிக்கட்டு நோகும். 20 செ.மீ. ஃப்ரையிங் பேன் எடுங்கள். மாவை ஊற்றிக் கரண்டியால் தேய்க்கவும் கூடாது. 50 மில்லி ஊற்றின கையோடு பேனைத் தூக்கிச் சுற்றிச் சாய்த்தால் அதுவே பரவும். பரவுமுன் வெந்துவிட்டால் சூடு அதிகம். வெளுத்து ஒட்டிக்கொண்டால் சூடு போதாது. வெண்ணெய் சட்டென்று கருகுவதால் கொஞ்சம் எண்ணெயோடு சேர்த்து, காகிதத்தால் துடைத்த மாதிரி தடவுங்கள். நெய்யும் கருகாது, ஆனால் அந்த வாசனை எலுமிச்சையோடு சேராது என்பது என் கட்சி. முதல் பான்கேக் பெரும்பாலும் பாழாகும். பேன் இன்னும் ஒரே சீராகக் காய்ந்திருக்காது, எண்ணெயும் கூடியிருக்கும். அதைச் சமைக்கிறவர் வாயில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

முதல் பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம். பிள்ளைகள் தூக்கிப்போட்டுத் திருப்பத்தான் காத்திருப்பார்கள். ஓரத்தைத் தோசைத் திருப்பியால் விடுவித்து, பேனை ஆட்டிப் பாருங்கள். வழுக்கி ஓடாத பான்கேக்கை எறிந்தால் பாதி பேனிலேயே நின்றுவிடும். கையை உயர்த்தாமல், பேனை முன்னே தள்ளி மணிக்கட்டைச் சுண்டினால் ஒரு சாண் உயரம் போதும். சின்னவனைச் சூடான பேனைத் தனியாகப் பிடிக்க விடாதீர்கள், கூடவே பிடியுங்கள். பக்கிங்ஹாம்ஷயரில் ஓல்னி என்ற ஊரில் பெண்கள் ஏப்ரனும் தலையில் துணியும் கட்டிக்கொண்டு, பான்கேக்கோடு 415 கெஜம் பந்தயம் ஓடுகிறார்கள். 1445-இல் தொடங்கியதென்று ஊர்க்கதை. 1950 முதல் அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள லிபரல் என்ற ஊரோடு நேரக்கணக்கில் போட்டியும் உண்டு. பிள்ளைகளுக்குக் காணொளி காட்டுங்கள், சிரிப்பார்கள்.

மேலே போட நைஸ் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் போதும். சர்க்கரையை முதலில் தூவுங்கள். சாறு பட்டுப் பாதி கரைந்து, பாதி நறநறக்கும். சாக்லேட் கிரீம் கேட்பார்கள், கடைசி ஒன்றுக்குக் கொடுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பரிமாற நினைக்காதீர்கள். பான்கேக் ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும், ஆகவே சுடச்சுட ஆளுக்கொன்றாகப் போய்க்கொண்டே இருக்கட்டும். அப்படியும் அடுக்கி வைக்கத்தான் வேண்டுமென்றால், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை வைத்து மூடுங்கள்.

மாவு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். கெட்டியானால் கொஞ்சம் பால் விடலாம். ஆனால் மறுநாள் சாம்பல் புதன். அண்ணன் ஒருத்தரே நாலு தின்பார் என்பதால், இரண்டு மடங்காகக் கரைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்