தொட்டுப் பார்க்க ஒரு கூடம்: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

உயிரியல் பூங்காவுக்குள் நாங்கள் அமைத்த விலங்குகளின் புலன்கள் கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. திறப்பு விழாவில் பாராட்டு முழுவதும் வடிவமைத்த எங்களுக்கே வந்தது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச நேரம் கிடைக்கவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, காகித அட்டையில் செய்த மாதிரிகளைச் சோதிக்க வந்த பிள்ளைகளுக்கு. நம் கண் ஏறத்தாழ நொடிக்கு 60 மினுக்கலைத் தாண்டினால் அதை ஒரே ஒளியாகத்தான் பார்க்கும். ஈயின் கண்ணோ 200-க்கு மேலும் தனித்தனியாகப் பிரித்தறியும். இதைக் காட்ட, கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு மினுங்குகிற மாதிரி ஒன்று செய்திருந்தோம். வேகம் காட்டும் முள் தலைக்கு மேலே இருந்தது. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. விளக்கம் சொல்ல வாய் வரை வந்த பேச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நீங்கள் சுற்றினீர்கள், பின்பக்கமாகச் சுற்றினீர்கள், கைப்பிடியில் தொங்கினீர்கள், ஓடிவிட்டீர்கள். கை ஓரிடத்திலும் விடை வேறிடத்திலும் இருந்தால் யாரும் தேடிப் போக மாட்டார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. முள்ளை விளக்குக்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்தோம்.

அப்புறம் பட்டறை அண்ணன். பல்சக்கரம் உடைந்த அன்றே, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுற்றினால் கைப்பிடி மட்டும் வழுக்கிச் சுழல ஒரு கிளட்ச் வைத்துக் கொடுத்தீர்கள். எந்த ஸ்க்ரூவும் வெளியில் தெரியக்கூடாது, ஆனால் பழுது பார்க்க ஐந்து நிமிடத்தில் பெட்டி திறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். திறந்த மூன்றாம் நாள் பேரிங் மாட்டிக்கொண்டபோது அந்தப் பிடிவாதத்தின் அருமை தெரிந்தது. மினுங்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று எச்சரித்த மருத்துவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். விளக்கை நாணயம் அளவுக்குச் சுருக்கி, வெளிச்சத்தையும் குறைத்து, முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைத்தது அவரால்தான்.

கண் பார்வையில்லாத ஆசிரியை அம்மாவுக்கு நான் சொல்லும் நன்றி தனி. வௌவாலின் இறக்கை எலும்புகள் நம் கை விரல்களைப் போலவே ஐந்து விரல்தான் என்பதைத் தடவி அறிய, பெரிதாக்கிய உலோக மாதிரி ஒன்றை வைத்திருந்தோம். நீங்கள் தடவிப் பார்த்துவிட்டு, “அப்போ வௌவால் ஒரு நாய் அளவு இருக்குமா?” என்று கேட்டீர்கள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. பார்வையுள்ளவர் கூடத்தில் உள்ள படத்தைப் பார்த்து அளவைப் புரிந்துகொள்வார். விரலால் பார்ப்பவருக்கு அந்த மாதிரிதான் வௌவால். இப்போது அதன் அருகிலேயே உண்மை அளவில் சிறியது ஒன்றும் இருக்கிறது. கோடுகளைக் குழியாகச் செதுக்காமல் மேடாக எழுப்பச் சொன்னதும் நீங்கள்தான். இன்று பார்வையுள்ள பிள்ளைகள் அதிக நேரம் நிற்பதும் அங்கேதான்; சின்ன வௌவால் மேல் தங்கள் கையை வைத்து விரல்களை எண்ணுகிறார்கள்.

சக்கர நாற்காலியில் வந்து ஒவ்வொரு மேசையாக நுழைந்து பார்த்த நண்பருக்கு: மேசைக்கடியில் முழங்கால் புக 69 செ.மீ. உயரம் காலியாக வேண்டும் என்று எங்களிடமும் எழுதி வைத்திருந்தோம். ஆனால் வயரிங் பெட்டியை அதற்குள்ளேயே பொருத்திவிட்டோம். நீங்கள் முட்டிக்கொண்ட பிறகுதான் அது கண்ணில் பட்டது. மன்னியுங்கள். அந்தப் பெட்டியைப் பின்பக்கம் மாற்றிவிட்டோம்.

விலங்குப் பராமரிப்பாளர்களே, உங்களிடம்தான் நான் அதிகம் வாதாடினேன். பொத்தானை அழுத்தினால் உணவு விழும், உடும்பு கண்ணாடி அருகே வரும் என்பது என் யோசனை. “வரணுமா வேண்டாமான்னு அது முடிவு பண்ணணும்” என்றீர்கள். 1907-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை ஒட்டி விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் கம்பிகளுக்குப் பதில் அகழி வெட்டி விலங்குகளைத் திறந்தவெளியில் காட்டியது பெரிய மாற்றம்தான். ஆனால் கம்பியை எடுத்ததும் பார்ப்பவர் மனம் நிறைகிறது. உள்ளே இருக்கும் உயிருக்கு ஒளிந்துகொள்ளவும் ஓர் இடம் வேண்டும் என்பதை நீங்கள் சொல்லித்தான் உணர்ந்தேன். இப்போது கண்ணாடியை ஒட்டி வெப்ப விளக்கின் கீழே ஒரு பாறை, பின்னால் யாருக்கும் தெரியாத ஒரு பொந்து. குளிர் காயத் தோன்றும்போது அதுவே வருகிறது. வராத நேரங்களும் உண்டு. அப்போது பெற்றோர் பிள்ளைகளோடு பொந்து எங்கே இருக்கும் என்று தேடுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சிதான் மிகவும் பிடித்திருக்கிறது.

கண்ணாடியைத் தட்டுவதை நிறுத்தப் பத்துப் பலகை வைத்திருப்போம். நீங்கள் சொன்ன ஒரே பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே தலையை நுழைத்தால் வெளியே நண்பர் மெதுவாகத் தட்டுவார். வெளியே வரும் பிள்ளையின் முகமே போதும்.

கண்ணாடி துடைக்கும் அக்காவை மறந்தால் இந்த மடல் முழுமையாகாது. ஒவ்வொரு மாலையும் மூக்குத் தடமும் கைத் தடமும் எங்கே, எந்த உயரத்தில் அதிகம் என்று எங்களிடம் சொல்லி வருகிறீர்கள். ஆந்தையின் காதுத் துளைகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி இருப்பதைக் காட்டும் குழாய்களை 20 செ.மீ. இறக்கியது உங்கள் கணக்கை நம்பித்தான். விளக்கப் பலகைகளை வெட்டித் தள்ளிய தமிழாசிரியருக்கும் நன்றி. எங்களின் நீண்ட பத்திக்குப் பதிலாக, “கண்ணை மூடு. தட்டுவது எந்தப் பக்கம்?” என்ற உங்கள் வரிதான் அந்தக் குழாய்களுக்கு மேலே இருக்கிறது.

நேரில் பார்க்காத ஒருவருக்கும் சொல்ல வேண்டும். இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற, தொட்டுச் செய்து பார்க்கும் அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். காட்சிப் பொருட்களை எப்படிச் செய்வது என்பதை அந்த அருங்காட்சியகம் 1975-லேயே அச்சிட்டு வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று. தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தால் எங்களைப் போன்ற சிறு குழுக்கள் எங்கிருந்து தொடங்கியிருக்க முடியும்? எங்கள் வரைபடங்களையும், உடைந்தவை எப்படி உடைந்தன என்ற குறிப்போடு, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம்.

யானை தரை அதிர்வைக் காலால் உணர்வதைக் காட்டும் அடுத்த மாதிரிக்கு அட்டை வெட்டியாகிவிட்டது. சனிக்கிழமை காலை பட்டறை திறந்திருக்கும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
கூடத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர்