கண்ணுவுக்கு, அந்த மஸ்டாங் விஷயமாக

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இத்தனை நாளுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் வண்டியின் போட்டோக்களும் "வாங்கலாமாப்பா?" என்ற ஒரு வரியும். ஆடிக்கு ஏன் வரவில்லை என்று கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். நான் கேட்கவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்டாய், வண்டியைப் பற்றியே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய்.

முதலில் ஒன்று. அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் கொடுக்காதே. டோக்கன் என்று வேறு பெயர் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதே.

அடிபட்ட வண்டி என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்கிறவன் நான் இல்லை. போல்ட் போட்டு மாட்டிய பாகம் அடிபட்டதா, வெல்டிங் வைத்த பாகம் அடிபட்டதா என்பதுதான் விஷயம். பம்பர், பானட், ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் கழற்றி மாட்டுகிறவை. புதிது போட்டால் தீர்ந்தது. இன்ஜினுக்கு இரு பக்கமும் உள்ள தகடான ஏப்ரன், முன்னால் நீளும் சட்டமான சேஸிஸ் லெக், சஸ்பென்ஷனின் மேல்முனை உட்காரும் ஸ்ட்ரட் டவர், கூரையைத் தாங்கும் பில்லர், ஃப்ளோர் இவற்றில் ஒன்று மடங்கி நிமிர்த்தியிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடு. பில்லரில் போடுகிற இரும்பு சாதா தகடு கிடையாது. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் வெளியே நேராகத் தெரியும், உள்ளே பலம் போயிருக்கும். அடுத்த மோதலில்தான் அது தெரியவரும்.

உன் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஹெட்லைட் பளிச்சென்று இருக்கிறது, வலது லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. 2017 மாடலில் இரண்டும் ஒன்றாகத்தான் வயசாகியிருக்க வேண்டும். இடது ஃபெண்டருக்கும் கதவுக்கும் இடையிலான சந்து மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் போகிறது. பானட் கீல் போல்ட்டில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. ஆக, இடது முன்மூலையில் அடி. விற்பவர் சொன்ன "சின்ன டச்சிங்" ஹெட்லைட் வரைக்கும் போயிருக்கிறது. அதற்குப் பின்னாலும் போனதா என்பதைத்தான் நீ கண்டுபிடிக்க வேண்டும். பம்பருக்கு அடியில் உள்ள கீறல்களைப் பார்த்துப் பயப்படாதே. அவ்வளவு தாழ்ந்த வண்டி நம்மூர் வேகத்தடையில் உரசாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காந்தம் எடுத்துக்கொண்டு போய் ஒட்டிப் பார்க்கிற வித்தை இந்த வண்டியில் உன்னை ஏமாற்றும். இதன் பானட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். பட்டி (நெளிவை நிரப்பப் பூசும் மாவு) பூசாவிட்டாலும் காந்தம் ஒட்டாது. நேர்மாறாக ஃபெண்டரில் காந்தம் ஒட்டினால் எவனோ இரும்புத் தகடு வைத்து வேலை பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டர் வாங்கு, அலுமினியத்தையும் அளக்கிற வகையாகப் பார்த்து. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100லிருந்து 150 மைக்ரான் வரை காட்டும். 200, 300 என்றால் மறுபெயிண்ட். 500 தாண்டினால் உள்ளே பட்டி. ஒரு இடத்தில் அளந்து விட்டுவிடாதே, ஒவ்வொரு பாகத்திலும் நாலைந்து இடம் வை. பானட்டின் முன் விளிம்பில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் இருந்தால் அது அலுமினியம் அரிக்கிறது. அதை விபத்துக் கணக்கில் சேர்க்காதே.

பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் டவரிலிருந்து முன்னோக்கி டார்ச் அடி. கம்பெனி ஸ்பாட் வெல்டிங் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக வரும். தகடுகளின் இணைப்பில் பூசும் சீலர் ஒரே கனத்தில் ஓடும். வலது பக்கத்தை முதலில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு இடது பக்கத்தைப் பார். சீலரை விரலால் இழுத்துவிட்ட மாதிரி இருந்தாலோ, கிரைண்டர் தடம் தெரிந்தாலோ மற்றதெல்லாம் பார்க்கத் தேவையில்லை. அப்புறம் லிஃப்டில் ஏற்றச் சொல். ஏற்ற மறுத்தால் அதுவே பதில்.

ஏர்பேக் விஷயத்தில் அவசரப்படாதே. இக்னிஷன் போட்டதும் அந்த விளக்கு எரிந்து சில வினாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே செத்துப்போக வைத்திருக்கிறார்கள். எரிந்து அணைந்தாலும் நம்பிவிட முடியாது. வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் ரெசிஸ்டர் என்ற ஒரு சின்ன மின்தடையைச் செருகினால் கம்ப்யூட்டர் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்ளும். சாதா ஸ்கேனர் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது, அது ஏர்பேக் மாட்யூலையும் (அதற்கான தனி கம்ப்யூட்டர்) படிக்கும். ஒவ்வொரு மாட்யூலிலும் பதிந்திருக்கிற சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா பார். இந்த வண்டியில் இன்னொரு இடம் இருக்கிறது. இடது பக்கத்து க்ளவ் பாக்ஸ் மூடிக்குள்ளேயே முழங்காலுக்கான ஏர்பேக் உண்டு. டேஷ்போர்டைத் தைத்துச் சாயம் அடிப்பவன் இந்த மூடியை மறந்துவிடுவான். மூடியின் நிறமும் சொரசொரப்பும் டேஷ்போர்டோடு சேர்கிறதா என்று தடவிப் பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடியில் தைத்திருக்கும் தேதிச் சீட்டைப் படி. முன் இரண்டு பெல்ட்டின் தேதியும் வண்டியின் தேதிக்கு அருகில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், மோதும்போது பெல்ட்டை இறுக்குகிற ப்ரீடென்ஷனர் வெடித்து மாற்றியிருக்கலாம்.

பின் சீட் பெல்ட்டையும் பார்.

ஏன் சொல்கிறேன் என்றால், நீ அனுப்பியதில் பின் சீட் போட்டோ ஒன்றுகூட இல்லை. 2017 ஜனவரியில் ஐரோப்பாவின் விபத்துப் பாதுகாப்புச் சோதனையான யூரோ என்கேப்பில் இந்த மாடலுக்குக் கிடைத்தது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். முழு முகப்பும் மோதுகிற சோதனையில் பின் சீட்டில் உட்கார வைத்த பொம்மை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விட்டது. பெல்ட் வயிற்றில் ஏறும். பின் பெல்ட்டில் ப்ரீடென்ஷனரும் கிடையாது, நெஞ்சு நசுங்காதபடி பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற லோட் லிமிட்டரும் கிடையாது. இது அடிபடாத புது வண்டியின் கதை. குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கித்தான் சின்னுவை உள்ளே விடவேண்டும், ஸ்கூல் வாசலில், பின்னால் ஆட்டோக்காரன் ஹார்ன் அடிக்க. நீ மட்டும் ஓட்டப் போகிற வண்டி என்றால் இந்தப் பத்தியே வேண்டாம். மட்டும்தானா என்பதை நீ எழுதவில்லை.

இன்ஜினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து லிட்டர் வி8, கெட்டியான இன்ஜின். முன்னால் அடிபட்டு ரேடியேட்டர் உடைந்தபின் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் மட்டும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் நில், காலையில் முதல் ஸ்டார்ட் உன் எதிரில் ஆகட்டும்.

பிறகு நாலு சக்கரங்களின் கோணத்தை அளந்து தருகிற ஃபோர் வீல் அலைன்மென்ட் ஷீட். திருத்துவதற்கு முன்பான அளவு வேண்டும், திருத்திய பிறகு எடுத்தது எதற்கும் உதவாது. காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, இரண்டு பக்கமும் நிறைய வித்தியாசப்பட்டால் டவரோ, குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரோ நகர்ந்திருக்கலாம். பின் சக்கரங்கள் தள்ளுகிற திசையைக் காட்டும் த்ரஸ்ட் ஆங்கிள் பூஜ்யத்தை விட்டு அதிகம் விலகியிருந்தால், அந்தச் சக்கரங்களைத் தாங்கும் பின் சப்ஃப்ரேமில் அடி பட்டிருக்கலாம். ஓட்டும்போது இடது பக்கம் இழுத்தால் உடனே முடிவுக்கு வராதே, நம் ரோடே இடது பக்கம் சரிவாகத்தான் இருக்கும். வலது லேனிலும் ஓட்டிப் பார்.

இன்ஷூரன்ஸ் பேப்பர் நடப்பு வருஷத்தது போதாது, எல்லா வருஷமும் கேள். க்ளெய்ம் இல்லாமல் போனால் பிரீமியத்தில் தள்ளுபடியாக வரும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். க்ளெய்ம் வாங்கினால் அடுத்த வருஷம் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எந்த வருஷம் வருகிறதோ அதற்கு முந்தைய வருஷத்தின் சர்வே ரிப்போர்ட்டையும் ரிப்பேர் பில்லையும் கேள். க்ளெய்ம் வாங்கினாலும் போனஸ் போகாமல் காக்கிற போனஸ் ப்ரொடெக்ஷன் எடுத்திருந்தால் இந்தப் படிக்கட்டு பொய் சொல்லும், அதையும் பார்த்துக்கொள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (இன்ஷூரன்ஸில் போட்ட வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அது டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்ய லாயக்கில்லை என்று கம்பெனி கணக்கு வைக்கிற வண்டி. பில்லில் ஏர்பேக் மாட்யூல், க்ளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் ஏர்பேக்குக்குக் கரண்ட் கொண்டுபோவது) என்ற வரிகள் இருக்கின்றனவா தேடு. ஏர்பேக் வெடித்ததாக ரிப்போர்ட்டில் இருந்து பில்லில் அந்த வரி இல்லையென்றால் ரெசிஸ்டர்தான்.

இத்தனையும் தேறினால் வாங்கு. அடிபடாத வண்டி என்ன விலையோ அதில் நாலில் ஒரு பங்காவது குறை. நாளை நீ விற்கும்போது வாங்க வருபவனும் இதே மீட்டரோடு வருவான். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. மஸ்டாங் முன்பும் இறக்குமதிதான். ஒரு ஹெட்லைட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையும் பணமும் கையில் இருக்கட்டும்.

உனக்கு ஓட்டத் தெரியாது என்று நான் நினைப்பதாக நினைக்காதே. ஏற்காடு ரோட்டில் பஸ்ஸுக்கு வழிவிட்டு வளைவிலேயே ரிவர்ஸ் எடுத்த பொண்ணு நீ. அதை இன்றும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது 401 குதிரைத்திறன், முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போகிறது. மழையில் அந்த 20 கொண்டை ஊசியில் ஆக்ஸிலேட்டரை அவசரமாக மிதித்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ட்ராக்ஷன் கன்ட்ரோலை எந்தக் காரணத்துக்கும் அணைக்காதே. முன்னும் பின்னும் டயர் அளவு வேறு வேறு, முன்னால் 255, பின்னால் 275. மாற்றிப் போட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும், அதற்கும் பட்ஜெட் வை. அவசரத்தில்தான் எப்போதும் நீ முடிவெடுக்கிறாய். வண்டியைச் சொல்கிறேன்.

பெங்களூரிலேயே இருப்பதாக இருந்தால் ஆர்.சி.யில் பேர் மாற்ற ஃபார்ம் 29, 30 போதும். விற்பவர் பேரில் லோன் பதிந்திருந்தால் அதை நீக்க பேங்க் என்.ஓ.சி.யோடு ஃபார்ம் 35. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உன் பேருக்கு மாற்று. தேர்ட் பார்ட்டி தானாக வரும், உன் வண்டிக்கு ஆகிற சேதம் தானாக வராது. இங்கே வந்துவிடுவதாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே ஆர்.டி.ஓ.விடம் ஃபார்ம் 28 என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி திரும்பக் கட்டி, 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டு நம்பர் போர்டு மாட்ட வேண்டும். செலவுதான், ஆனால் செய்யமுடியாத காரியம் இல்லை. அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் கேட்டை அளந்தேன். ஏழரை அடி. வண்டி அகலம் ஆறேகால் அடிக்கு மேல், பக்கக் கண்ணாடியோடு ஏழடியை நெருங்கும். நுழையும். ஓட்டி வந்தால் தொப்பூர் இறக்கத்தில் லோ கியரில் வா, லாரிக்கு முன்னால் நிற்காதே.

அலைன்மென்ட் ஷீட், பழைய பாலிசிகள், அடியில் எடுத்த போட்டோ இந்த மூன்றும் வந்த அன்றே பதில் போடுகிறேன். அதுவரை அட்வான்ஸ் வேண்டாம். ஒரு வார்த்தை சொன்னால் நானே ரயில் ஏறி வந்து பார்க்கிறேன், வண்டியை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஆர்.சி. யார் பேரில் எடுக்கப் போகிறாய், மாப்பிள்ளைக்கு இது தெரியுமா? நாமினி இடத்தில் என்ன பெயர் எழுதப் போகிறாய் என்பதையும் சேர்த்து எழுது. பாலிசி மாற்றும்போது கேட்பார்கள்.