ரவிதாசன் வீட்டு மிளகாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சரித்திரக் கதைப் பாடத்துக்கு 'புராஜெக்ட்' என்றால், இணையத்தில் ஒரு ராஜா படத்தை எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வா என்கிறோம். பெரும்பாலும் ஒட்டுவது அம்மாதான், பிள்ளை கதையில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்காது.

சென்ற வருடம் எட்டாம் வகுப்பில் 'பொன்னியின் செல்வன்' தொடக்க அத்தியாயங்களை வாசித்தோம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரியைக் கூகுள் மேப்பில் தேடச் சொன்னேன். அது நம்ம வீராணம் ஏரி என்று தெரிந்ததும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அப்படியே கடம்பூர், குடந்தை, தஞ்சாவூர், கோடிக்கரை என்று அவன் போன வழியைக் குறித்தார்கள்.

அப்புறம் கணினியில் ஓர் அட்டவணை போட்டோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே, இவர் இருந்ததற்கு என்ன சான்று? ரவிதாசன் பெயர் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில் ஒருவனாக. அந்தத் துரோகிகளின் உறவினர் சொத்தையும் சேர்த்துப் பறித்ததை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. நந்தினிக்கும் பூங்குழலிக்கும் எதிரே கட்டம் காலி. நந்தினி கற்பனையா என்று சில பிள்ளைகளுக்குக் கோபமே வந்துவிட்டது.

சரி, நீங்களே ஒரு கதை எழுதுங்கள், நிலம் பறிபோன அன்று ரவிதாசனின் உறவுக்காரச் சிறுவன் என்ன செய்திருப்பான் என்று 3 நிமிடம் செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள் என்றேன். ஒரு மாணவி, அவன் அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள் என்று ஆரம்பித்தாள். மிளகாய் போர்ச்சுக்கீசியர் காலத்தில்தான் இங்கே வந்தது என்று பக்கத்து பெஞ்சுப் பையன் தேடிக் கண்டுபிடித்தான். அவள் முழுவதையும் அழித்துவிட்டு மிளகு என்று மறுபடி பதிவு செய்தாள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அடுப்படியில் என்ன இருந்தது என்று எந்தச் சார்ட்டும் ஒரு பிள்ளையை இப்படி யோசிக்க வைத்ததில்லை.

ஆனால் இந்த வருடம் கணினி அறையைக் கேட்டால், தமிழுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்கிறார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் திறக்கும் அறையை வாரத்துக்கு ஒரு பீரியடாவது தமிழுக்கும் திறந்துவிடச் சொல்லிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப்பள்ளித் தமிழாசிரியை,
கடலூர் மாவட்டம்