அன்னா மாணிக்கு வர வேண்டிய பட்டம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, ஆட்சிப்பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இயற்பியலாளரும் வானிலை அறிவியலாளருமான அன்னா மாணி யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட் 23 அன்று அவருடைய 104ஆவது பிறந்தநாளுக்குக் கூகுள்கூடத் தன் முகப்பில் படம் போட்டது. நீங்கள் தர வேண்டிய முனைவர் பட்டம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, சி.வி. ராமனிடம் வைரங்கள் உமிழும் ஒளியைப் பற்றி ஆய்வு செய்தவர். அந்த ஒளி மிக மங்கலானது. கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிக்க 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். இரவும் ஆய்வகத்திலேயே போய்விடும். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை ஆராய்ந்து, ஐந்து கட்டுரைகளைத் தனியாகவே எழுதினார். அறிவியல் கழகத்துக்கு அப்போது பட்டம் வழங்கும் உரிமை இல்லாததால், 1945 ஆகஸ்டில் ஆய்வேடு உங்களிடம் வந்தது. எம்.எஸ்சி. இல்லை என்று பட்டத்தை மறுத்தீர்கள். ஆய்வு போதாது என்பதல்ல, ஒரு சான்றிதழ் குறைகிறது என்பதுதான் காரணம்!

அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதும் தெரிந்ததுதான். லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948இல் திரும்பி வந்து வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். ஓய்வு பெற்ற பிறகும் உட்காரவில்லை. நாட்டில் எங்கே எவ்வளவு வெயில் கிடைக்கிறது, காற்று எங்கே எப்படி வீசுகிறது என்று அளந்து தொகுத்தார். காற்றாலை எங்கே வைக்கலாம் என்று திட்டமிட அந்தக் கணக்கு வேண்டும். இன்று காற்றாலைகளைக் காட்டிப் பெருமைப்படும் மாநிலத்தில்தான் உங்கள் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

அவருக்கான பட்டத்தை இப்போதாவது வழங்குங்கள்.

விதி இடம் தராது என்பீர்கள். சரி, விதி என்றால் விதிதான். ஆனால் ஆய்வேடு என்று ஒரு பக்கம்கூட எழுதாதவர்கள் மேடையேறிக் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கிப் போவதை இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் காலங்காலமாகப் பார்க்கிறோம். மறுநாளே சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' ஏறிவிடுகிறது. அவர்களிடம் எம்.எஸ்சி. இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இராப்பகலாக உழைத்து ஆய்வேட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவரிடம் மட்டும் கேட்டார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001இல் காலமாகிவிட்டார், இனி அவர் உங்களிடம் வந்து கேட்கப் போவதும் இல்லை. அதனால்தான் நாங்கள் கேட்கிறோம். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். வரும் பட்டமளிப்பு விழாவில் அவர் பெயரை வாசியுங்கள். கௌரவப் பட்டமாக வேண்டாம், அந்த ஆய்வுக்கு உரிய முனைவர் பட்டமாகவே தாருங்கள். புதிதாகப் பரிசீலிக்க வேண்டுமென்றாலும் சிரமமில்லை. ஆய்வேடு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டம் வாங்கிய ஒரு பழைய மாணவி