சுற்றுலாவுக்கும் ஒரு சிறுபோகக் கூட்டம் வையுங்கள்

வன்னியில் சுற்றுலாத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுண்டிக்குளம், நாயாறு களப்புகள், இரணைமடுக் குளம் என்று பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அந்த இடங்கள் எத்தனை பேரைத் தாங்கும் என்று எப்போது கணக்குப் பார்க்கப் போகிறீர்கள்?

உலகளாவிய நிலைபேறான சுற்றுலாப் பேரவை 2019இல் திருத்தி வெளியிட்ட அளவுகோல்களை அறிந்திருப்பீர்கள். முகாமைத்துவம், சமூகப் பொருளாதாரம், பண்பாடு, சூழல் என நான்கு பிரிவுகள். ஊராரின் கருத்தைக் கேட்பதும் வருவோர் தொகையை அளவோடு வைப்பதும் அதில் உண்டு. நல்ல ஆவணம்தான். ஆனால் ஆலோசகர் ஒருவர் மாரியில் வந்து, குளம் நிரம்பி வான்பாயும் அழகைப் பார்த்துவிட்டுக் கட்டங்களில் சரி போட்டுக்கொண்டு போனால் என்ன பயன்? ஆவணி வெயிலில் வரட்டும்.

மதிப்பிடும் முறை எங்களிடமே இருக்கிறது. சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, முன் இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் அமைப்புகள், மாவட்டச் செயலாளர் எல்லாரும் ஒரே கூட்டத்தில். சத்தம் வரும், சண்டையும் வரும். ஒதுக்கியதற்கு மேல் விதைப்பவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பது வாய்க்கால் முழுவதற்கும் தெரியும்! விடுதிக்கு அனுமதி கொடுக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். முதலில் அயல் கிணறுகளின் கோடைகால நீர்மட்டம், பிறகு அறைகளின் தொகை.

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. வலசைப் பறவைகள் வரும் மாதங்களில்தான் படகுச் சவாரிக்கும் ஆள் சேரும். அதே களப்பில் வலை போடுகிறவரின் வலை அறுந்தால் நட்டம் யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலைச் சுற்றுலா என்று நீங்கள் எண்ணுவதில்லை. எண்ணுங்கள். மறுநாள் சோற்றுப் பெட்டிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் காற்றோடு நந்திக்கடல் களப்புப் பக்கம் உருள்கின்றன. அள்ளிய குப்பை எத்தனை உழவு இயந்திரப் பெட்டி என்று குறித்தால், செலவில்லாமல் முதல் தரவு கிடைத்துவிடும்.

ஆகவே, வரும் ஆவணியில் ஒரு கூட்டத்துக்குத் திகதி குறியுங்கள். கமக்காரர் அமைப்புகளோடு மீனவர் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் அழைப்பு அனுப்புங்கள். ஆனால் காலையில் வைக்க வேண்டாம். அது மீன் விற்கும் நேரம்.

இப்படிக்கு,
கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர்