ஜூன் விடுமுறையில் காரில் மலேசியா செல்லும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டதால், மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு என்று குடும்பத்தோடு புறப்படவிருக்கும் உங்களில் பலர் வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டீர்கள். வண்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் ஓட்டப்போகிறவர் நீங்கள் என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்: சோதனைச்சாவடியில் போன நேரத்தை நெடுஞ்சாலையில் பிடிக்க முயலாதீர்கள்.

சிங்கப்பூரின் எல்லைச் சோதனைச்சாவடிகளான உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் விடுமுறைக் காலத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு புறப்பட்டு, அந்த வரிசையில் ஊர்ந்து, ஜோகூர் பாருவைத் தாண்டும்போதே ஓட்டுநர் களைத்துப் போயிருப்பார். கோலாலம்பூருக்கோ இன்னும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் இருக்கும். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அது 110. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. அதையும் மீறி 130இல் பறந்தால், அந்த 350 கிலோமீட்டரில் மிச்சமாவது வெறும் அரை மணி நேரம். அதற்காகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்ட வேண்டுமா?

நெரிசலுக்கு அஞ்சிப் பின்னிரவில் கிளம்புவோரும் உண்டு. உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் அது. போதாக்குறைக்கு, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இம்மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றும் இடிமழையும் பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோதான் வந்து சேரும். கண் செருகினால் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்திச் சற்று உறங்குங்கள். காப்பி மட்டும் போதாது. மழை வலுத்தால் வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டியிலிருந்து இடைவெளியைக் கூட்டுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை எங்களுக்கு முதல் கவலை டயர்தான். காற்று குறைந்த டயர், ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த காரைச் சுமந்து வெயிலில் நீண்ட நேரம் ஓடும்போது, பக்கவாட்டுச் சுவர் ஓயாமல் வளைந்து சூடேறி வெடித்துவிடக்கூடும். முழுச் சுமைக்குரிய காற்றழுத்தம் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரத்து ஒட்டுத்தாளில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அதை அளக்க வேண்டும். டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் மழைச்சாலைக்கு அது போதும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் நன்றாக இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம்.

அடுத்தது ரேடியேட்டர். வரிசையில் ஊரும்போது எதிர்க்காற்று இல்லாததால், எஞ்சினைக் குளிர்விக்கும் வேலை முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது. நகரத்துக்குள் ஓடும்போது வெளியே தெரியாத கோளாறு அங்கேதான் தலைகாட்டும். கெந்திங் மலைக்குப் போவோருக்கு இன்னொன்று: இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

சிங்கப்பூரை விட்டுப் புறப்படுமுன் பெட்ரோல் தொட்டியில் நான்கில் மூன்று பங்காவது இருக்கட்டும். தவறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். சிங்கப்பூர் வண்டிகளுக்கு மலேசியாவில் ரோன்95 ரகப் பெட்ரோல் கிடையாது, ரோன்97தான். மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய இருக்கையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பயணத்துக்கு முந்தைய நாள் வண்டியைக் கொண்டுவந்தால், மாற்ற வேண்டிய பாகம் கைவசம் இல்லாமல் போகலாம். ஒரு வாரம் முன்னதாகவே வாருங்கள். எத்தனை பேர் செல்கிறீர்கள், எந்த ஊர் என்பதையும் சொல்லுங்கள். அதற்கேற்பப் பார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
பட்டறைப் பொறுப்பாளரும் பணியாளர்களும்