பெயர் வெட்டாத கிண்ணம்

புதுக்குடி ஆச்சிக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் எங்களைக் காத்த எல்லோருக்கும்,

வீடு வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இந்த 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் எப்படி நின்றது, எத்தனை பேர் மாட்டிக்கொண்டோம் என்பதையெல்லாம் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் உள்ளே இருந்த நாங்கள்தான். கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதே இங்கே வந்து பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். இந்த மடல் ஒரு கிண்ணத்தைப் பற்றியது.

டிசம்பர் 18 என் மகளுக்கு முதல் பிறந்தநாள். மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று 15ஆம் தேதி வெள்ளிக்கிழமையே திருச்செந்தூரில் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்துக் காதும் குத்தினோம். ஞாயிறு இரவு ரயிலேறினால் காலையில் சென்னை, சாயங்காலம் கேக். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து பத்து நாள்கூட ஆகாத வீட்டைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் ஊருக்கே போயிருந்தோம். வெள்ளம் எங்களைத் தேடித் தேடி வருகிறது என்று என் கணவர் இப்போது சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பிள்ளை இரவு முழுக்க அழுதாள். பசி என்று நினைத்தேன், பால் கொடுத்தேன். குளிர் என்று நினைத்தேன், மொட்டைத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டினேன். பக்கத்துப் பெட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்து வேடிக்கை காட்டிப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் அடங்கவில்லை.

மறுநாள் புதுக்குடி ஜனங்கள் தண்ணீருக்குள் நடந்து சோறு கொண்டுவந்தார்கள். அவர்களோடு வந்தவர்தான் ஆச்சி. இடுப்புக்குக் கீழே புடவை நனைந்திருந்தது. "எல்லாரும் சாப்ட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என் முன்னால் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தார்.

"இது பசிக்கு அழல தாயி. காதப் பாத்தியா நீ?"

துண்டை அவிழ்த்துப் பார்த்தால் இடது காது வீங்கிச் சிவந்திருந்தது. குளிருக்கு என்று நான் இறுக்கிக் கட்டிய அந்த ஈரத் துண்டுதான் ராவெல்லாம் புண்ணில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வந்த வழியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். வேறு நாளாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு மடியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். விரல் நுனியால் காதைச் சுற்றித் தடவியபடி ஆச்சி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

"எத்தன மாசம்?" என்றார். இன்றைக்குத்தான் ஒரு வயது ஆகிறது என்றேன்.

"அய்யோ, மொத பொறந்தநாளுக்கா வெறுங்கையோட வந்தேன்!"

ஐந்நூறு பேருக்குச் சோறு சுமந்து வந்த கூட்டத்தில் ஒருத்தர் சொல்கிற பேச்சா இது!

இருட்டுவதற்குச் சற்று முன்னால் மூன்றாவது தடவையாக அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தார். அதே கிண்ணம். கழுவித் துடைத்து, அதில் சுடச்சுட சிறுபருப்புப் பாயாசம், கருப்பட்டி போட்டது. "ஏலக்காய் நனஞ்சு போச்சு தாயி, வாசன இருக்காது" என்று அதற்கும் ஒரு வருத்தம். அப்போதுதான் கேட்கத் தோன்றியது, உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையா ஆச்சி என்று.

"அது கெடக்கு. முட்டளவு நிக்கி. அடுப்ப மேச மேல தூக்கி வச்சாச்சுல்லா."

என் மகள் நாக்கில் ஒரு சொட்டு வைத்தோம். முகத்தைச் சுளித்தாள், பிறகு இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள். பெட்டியில் இருந்தவர்கள் இருட்டில் கைதட்டினார்கள். கிண்ணத்தை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆச்சி போனார். அந்த நாளைக்கு எங்களைப் புறப்படச் சொன்னபோது எல்லாம் ஒரே அவசரம். வாஞ்சி மணியாச்சிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், கிண்ணம் என் பையில்.

மற்றவர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய்க் கிடக்க, ரயிலை மேற்கொண்டு விடாமல் நிறுத்திவைத்த ஸ்டேஷன்காரர்கள், கோயிலில் உலை வைத்த புதுக்குடி ஆண்களும் பெண்களும், மீட்புப் படையினர், ஹெலிகாப்டரில் வந்தவர்கள், தன் பவர் பேங்கின் கடைசிச் சொட்டில் என் அம்மாவோடு பேசவைத்த அந்தக் கல்லூரிப் பையன், பஸ் டிரைவர், பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்ட எங்கள் பெட்டிக்காரர்கள், எல்லோருக்கும் கும்பிடு.

ஆச்சி, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆச்சி என்றே கூப்பிட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் பெயர் வெட்டியிருக்கும் என்று. ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒரு சின்ன நெளிசல் மட்டும். அதனால்தான் ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பாள் என் அம்மா. அடுத்த டிசம்பரில் பிள்ளையோடு வருகிறேன், பாயாசம் எடுத்துக்கொண்டு. ஏலக்காய் போட்டு.

புதுக்குடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். கிண்ணம் பத்திரமாக இருக்கிறது, காதுப் புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா,
சென்னை